பாசேஜ் புரிகிறது, விடை மட்டும் தப்புகிறதா? இடைநிலை ஆங்கில வாசிப்புப் பயிற்சிக்கு முழுமையான வழிகாட்டி

சென்னையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கூடும் எந்த இடத்திலும் இந்தப் புலம்பலைக் கேட்கலாம்: "பாசேஜ் நல்லா புரியுது, ஆனா ஆன்ஸர் மட்டும் தப்பாயிடுது." இவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ஆபீஸ் மெயில் படித்துப் பதில் போடுகிறார்கள், பேங்க் அனுப்பும் கடிதம் புரிகிறது, கிரிக்கெட் செய்தி தடையில்லாமல் ஓடுகிறது. ஐரோப்பிய மொழித்தர அளவுகோலில் இந்த நிலைக்கு பி1, பி2 என்று பெயர். கீழே ஏ1, ஏ2. மேலே சி1, சி2. நடுவில் நிற்பவர்களுக்கு உள்ள சங்கடம் என்னவென்றால், பாதி புரிந்தாலே முழுதும் புரிந்த மாதிரி ஒரு நம்பிக்கை வந்துவிடும்.

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் மருந்து "வொகாபுலரி ஏத்து" என்பது. சொற்கள் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்தவரை, தப்பான விடைகளில் பெரும்பாலானவை வேறொரு பழக்கத்தால் வருகின்றன: எந்த வரி அந்த விடையைச் சொல்கிறது என்று விரல் வைத்துக் காட்டாமலே டிக் அடிப்பது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தப் பழக்கத்தை மாற்றத்தான்.

முதல் படி: எதைப் படிப்பது

"இந்து எடிட்டோரியல் படி" என்பது இந்த ஊரில் அப்பா மகனுக்கும், சார் மாணவனுக்கும் சொல்லிவரும் அறிவுரை. 1878லிருந்து இங்கிருந்து வெளிவரும் பத்திரிகை; ஆங்கிலத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் பி1 நிலையில் இருப்பவர் தலையங்கத்தில் தொடங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தலையங்கம் எழுதுகிறவர், விஷயம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுவார். பின்னணி தெரியாதவர் மொழியோடும் விஷயத்தோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அதே பேப்பரின் சென்னைப் பக்கங்களைப் படியுங்கள். மெட்ரோ வேலைக்காகப் போக்குவரத்து மாற்றம், மழைநீர் வடிகால், சொத்து வரி: இவையெல்லாம் உங்கள் தெருவில் நடப்பவை. விஷயம் தெரிந்திருப்பதால் கவனம் முழுதும் மொழியின் மேல் போகும்.

பலர் கண்டுகொள்ளாத ஒரு புதையல் நம் அரசுப் பாடநூல்கள். ஒன்பது, பத்தாம் வகுப்பு அறிவியலும் சமூக அறிவியலும் தமிழ் வழியிலும் ஆங்கில வழியிலும் பிடிஎஃப்பாக இலவசமாகக் கிடைக்கின்றன. பாடம் ஒன்றே, மொழி மட்டும் வேறு. ஆங்கிலப் பாடத்தில் ஒரு பக்கம் படித்து, புரிந்ததைத் தமிழில் நாலு வரி எழுதி, அப்புறம் தமிழ்ப் புத்தகத்தின் அதே பகுதியைத் திறந்து ஒப்பிடுங்கள். எங்கே நழுவினீர்கள் என்று யாரும் சொல்லாமலே தெரியும். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்களுக்கு இது ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

தரம் சரியா என்று பார்க்கச் சின்ன சோதனை உண்டு. ஏதாவது ஒரு பக்கத்தில் நூறு சொற்களை எண்ணி, தெரியாதவற்றைக் கோடிடுங்கள். ஹூ, நேஷன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000ல் வெளியிட்ட ஆய்வின்படி, யார் உதவியும் இல்லாமல் ஒரு கதையைப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். ஆகவே நூற்றுக்கு இரண்டுக்குள் என்றால் அது சுகமாகப் படிக்க. நாலைந்து என்றால் பென்சிலோடு உட்கார்ந்து படிக்க. பத்துக்கு மேல் போனால் மூடி வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் திறந்து பாருங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

புத்தகம் வாங்கக் காசு செலவழிக்கத் தேவையில்லை. எழும்பூரில் 1896ல் திறக்கப்பட்ட கன்னிமாரா, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி வந்துசேரும் நூலகங்களில் ஒன்று. கோட்டூர்புரத்தில் 2010ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவும் இடம் இருக்கிறது. வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கிறவர்களுக்கு அந்த அமைதியான இடமே பெரிய வசதி.

இரண்டாம் படி: முதல் வாசிப்பு

முந்நூறு, நானூறு சொற்கள் கொண்ட பாசேஜ் ஒன்று எடுங்கள். முதல் தடவை பென்சில் வேண்டாம், டிக்‌ஷனரி வேண்டாம், போனைத் தூர வையுங்கள். நேரம் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கதையல்லாத எழுத்தை மனதுக்குள் படிக்கும்போது ஆங்கிலம் பேசும் பெரியவர்களின் சராசரி வேகம் நிமிடத்துக்குச் சுமார் 238 சொற்கள் என்று 2019ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. நீங்கள் அதைத் துரத்த வேண்டாம். 120, 150 என்றாலும் இப்போதைக்குப் போதும். வேகம் பின்னால் தானாக வரும்.

வாய்விட்டுப் படிக்காதீர்கள். வகுப்பில் எழுந்து நின்று கணீரென்று வாசித்துப் பாராட்டு வாங்கியவர்களுக்கே, உட்கார்ந்ததும் என்ன படித்தோம் என்று தெரியாது. உச்சரிப்பில் கவனம் போனால் பொருளில் போகாது.

படித்து முடித்ததும் பக்கத்தை மூடிவிட்டு இரண்டு வரி எழுதுங்கள். ஒன்று, இது எதைப் பற்றியது. இரண்டு, அதைப் பற்றி எழுதியவர் என்ன சொல்கிறார். இந்த இரண்டும் ஒன்றல்ல. "சென்னைத் தண்ணீர்" என்பது முதலாவதற்குப் பதில். "மழையை மட்டும் நம்ப முடியாது" என்பது இரண்டாவதற்குப் பதில். தலைப்பு கேட்கும் கேள்வியிலும் மையக் கருத்து கேட்கும் கேள்வியிலும் மார்க் போவது இந்த இரண்டையும் குழப்புவதால்தான். இந்த வரிகளைத் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் பாசேஜில் இருந்த சொற்களையே திருப்பிப் போட்டுவிட்டுப் புரிந்ததாக நினைத்துக்கொள்வோம். தமிழில் அந்த ஏமாற்று நடக்காது.

மூன்றாம் படி: நீண்ட வாக்கியத்தைப் பிரிப்பது

தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நம் மொழியில் வினை கடைசியில் வரும். விளக்கங்கள் எல்லாம் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்: "ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் கொண்டுவந்த தண்ணீர் போதவில்லை." கடைசிச் சொல் வரை பொறுமையாகக் காத்திருக்க நம் காது பழகியிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுவாய் வந்த உடனே வினை வரப் பார்க்கும்; விளக்கங்கள் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வால் போல நீளும். அதே வாக்கியம் ஆங்கிலத்தில் இப்படிப் போகும்: "தி வாட்டர் பிராட் பை ட்ரெயின் ஃப்ரம் ஜோலார்பேட்டை வாஸ் நாட் இனஃப்." இதில் "பிராட்" என்பதைக் கண்டதும் அதுதான் வினை, தண்ணீர் எதையோ கொண்டுவந்தது என்று மூளை முடிவு கட்டிவிடும். நிஜ வினை "வாஸ்". அது வரும்போது வாக்கியம் உடைந்த மாதிரி இருக்கும். திரும்ப முதலிலிருந்து படிப்போம்.

பள்ளியில் பலருக்கும் கற்றுக்கொடுத்த வைத்தியம், பின்னாலிருந்து முன்னால் வந்து மொழிபெயர்ப்பது. சின்ன வாக்கியத்துக்கு அது சரிப்படும். நாற்பது சொல் வாக்கியத்தில் அது மூச்சு வாங்க வைக்கும், வேகத்தையும் கொன்றுவிடும்.

இப்படிச் செய்யுங்கள். இரண்டாம் வாசிப்பில் பென்சிலை எடுத்து, சிக்கிய வாக்கியங்களில் மட்டும் முதலில் காலம் காட்டும் வினையைத் தேடுங்கள். "வாஸ், ஹேஸ், வில், கேன்" போன்றவை நல்ல அடையாளம். அதை வட்டமிட்டு, யார் அல்லது எது அதைச் செய்தது என்று கேட்டு எழுவாயைக் கோடிடுங்கள். அப்புறம் "ஹூ, விச், தட்" வரும் இடங்களிலும், "ஃப்ரம், பை, இன்" மாதிரிச் சொற்களுக்கு முன்னாலும் சாய்கோடு போடுங்கள். இப்போது முன்னாலிருந்து துண்டு துண்டாகப் படியுங்கள்: தண்ணீர் / ரயிலில் கொண்டுவந்தது / ஜோலார்பேட்டையிலிருந்து / போதவில்லை. தமிழ் காதில் கோணலாக ஒலிக்கும், ஒலிக்கட்டும். ஆங்கிலம் போகும் திசையிலேயே பொருளும் போக வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம் இப்படிப் பிரித்தால் போதும். பாசேஜ் முழுவதையும் பிரிக்கத் தொடங்கினால் இரண்டாம் நாளே அலுத்துவிடும்.

நான்காம் படி: ஒரு பாசேஜை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

கீழே உள்ளது ஆங்கிலப் பாசேஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது போகும் வரிசையைத் தமிழில் தருகிறேன். எண்கள் பிறகு காட்டுவதற்காக.

1. சென்னைக்கு ஆண்டு முழுவதும் நீர் ஓடும் பெரிய ஆறு கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையையே அது பெரிதும் நம்பியிருக்கிறது.
2. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் மழைநீரைத் தேக்கினாலும், சில வாரங்களில் கொட்டும் மழையைப் பொறுத்தே அவை நிரம்புகின்றன.
3. 2003ல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதன் பின் பல இடங்களில் நிலத்தடி நீர் உயர்ந்தது.
4. ஆயினும் 2019 கோடையில் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது.
5. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் இருந்த கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களால் தேவையில் ஒரு பகுதியையே தர முடிந்தது.
6. சேகரிப்பு அமைப்புகளைக் கட்டியதில் காட்டிய அக்கறையைப் பராமரிப்பிலும் காட்டியிருந்தால், சில கிணறுகளாவது இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கலாம்.

முதல் கேள்வி, மையக் கருத்து. நாலு ஆப்ஷன்: (அ) கடல்நீர் நிலையங்கள் சென்னையைக் காப்பாற்றின. (ஆ) 2019ல் ரயிலில் தண்ணீர் வந்தது. (இ) மழையை நம்பியுள்ள நகரத்துக்குச் செய்த ஏற்பாடுகள் போதவில்லை. (ஈ) இந்திய நகரங்கள் எல்லாம் தண்ணீருக்குத் தவிக்கின்றன. அ என்பதை ஐந்தாம் வரியே மறுக்கிறது. ஆ உண்மைதான், ஆனால் ஒரே ஒரு வரியின் செய்தி. உண்மையாக இருப்பதாலேயே அதிகம் பேர் விழும் குழி இது. ஈ பாசேஜைவிடப் பெரியது. வேறு எந்த நகரத்தின் பெயரும் இதில் வரவில்லை. இ மட்டும் ஒன்றிலிருந்து ஆறு வரை எல்லா வரிகளையும் தாங்குகிறது. தப்பான ஆப்ஷன்கள் பெரும்பாலும் இந்த மூன்று வகைதான்: எதிர்ப்பதம், சின்னது, பெரியது. விடை சரியானாலும் மற்ற மூன்றும் எந்த வகைத் தப்பு என்று ஓரத்தில் எழுதிப் பழகுங்கள். சரியான விடையைக் கண்டுபிடிப்பதைவிட இதில்தான் அதிகம் கற்கலாம் என்பது என் எண்ணம்.

அடுத்து, "வீராணம் ஏரியிலிருந்தும் சென்னைக்குத் தண்ணீர் வருகிறது" என்று ஒரு வாக்கியம் கொடுத்து, சரியா, தவறா, சொல்லப்படவில்லையா என்று கேட்கிறார்கள். சென்னைவாசி யோசிக்காமல் "சரி" என்பார். 2004லிருந்து வருகிறது, ஊருக்கே தெரியும். ஆனால் பாசேஜில் வீராணம் எங்கே? விரல் வைக்க வரி இல்லை. விடை: சொல்லப்படவில்லை. தெரிந்த விஷயத்தைப் பற்றிய பாசேஜ் படிக்கச் சுலபம், விடையளிக்க ஆபத்து. நம் அறிவு பாசேஜுக்குள் புகுந்து இல்லாத வரியை எழுதிவிடும். உங்களுக்குத் தெரிந்த துறையில் பாசேஜ் வந்தால் ஒன்றுக்கு இரண்டு தடவை வரியைத் தேடுங்கள்.

இன்ஃபரன்ஸ் கேள்வி, அதாவது நேராகச் சொல்லாததை ஊகித்தறியும் கேள்வி, என்றாலே சிலர் கற்பனைக்குப் போய்விடுகிறார்கள். அதற்கும் வரி வேண்டும். "சேகரிப்பு அமைப்புகள் சரியாகப் பராமரிக்கப்படவில்லை என்று ஆசிரியர் கருதுகிறார்" என்றால் சரி. நேராகச் சொல்லவில்லை, ஆனால் ஆறாம் வரி "காட்டியிருந்தால்" என்கிறது, அப்படியென்றால் காட்டவில்லை. ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் "இஃப்... ஹேட் பீன்" என்று வரும், சில சமயம் "இஃப்" இல்லாமல் "ஹேட்" என்றே வாக்கியம் தொடங்கும். அதைக் கேள்வி என்று நினைத்துத் தடுமாறாதீர்கள். "பராமரித்திருந்தால் தட்டுப்பாடே வந்திருக்காது" என்ற ஆப்ஷன் தவறு. பாசேஜ் சொன்னது சில கிணறுகள், கொஞ்ச நாள், தாங்கியிருக்கலாம். "சம், மெனி, மைட்" என்று பாசேஜ் தயங்கும் இடத்தில் "ஆல், நெவர், ஒன்லி" என்று உறுதியாகப் பேசும் ஆப்ஷனைச் சந்தேகப்படுங்கள்.

இரண்டாம் வரியில் "அவை" எதைக் குறிக்கிறது? தமிழில் ஏரி என்று உடனே தெரியும். ஆங்கிலத்தில் "தே" என்று மட்டும் இருக்கும். அது ஆளுக்கும் பொருளுக்கும் பொது. "இட், தே, திஸ், சச்" வரும் இடத்திலெல்லாம் அம்புக்குறி போட்டுப் பின்னால் இருக்கும் பெயரோடு இணையுங்கள். "திஸ்" சில நேரம் ஒரு பெயரை அல்ல, முந்தைய வாக்கியம் முழுவதையுமே குறிக்கும்.

நாலாம் வரியின் "ஆயினும்" ஆங்கிலத்தில் "ஹவெவர்" என்று நிற்கும். பாசேஜ் திரும்பும் இடம் அதுதான். மூன்றாம் வரி நல்ல செய்தி, நாலிலிருந்து வேறு கதை. மையக் கருத்துக் கேள்விக்கு விடை தேட இந்தத் திருப்பத்துக்குப் பின்னால் பாருங்கள். "பட், யெட், ஆல்தோ, டெஸ்பைட்" எல்லாம் இதே குடும்பம்.

ஐந்தாம் படி: சொற்களை என்ன செய்வது

மூன்றாம் வாசிப்பு வரை டிக்‌ஷனரியைத் திறக்காதீர்கள். முதல் வரியில் "பெரினியல்" என்ற சொல் இருந்து, உங்களுக்குத் தெரியவில்லை என்று வைப்போம். அப்படிப்பட்ட ஆறு இல்லை, அதனால் மூன்று மாத மழையை நம்புகிறது என்று வாக்கியம் போகிறது. ஆண்டு முழுவதும் ஓடுவது என்று ஊகிக்க அதுவே போதும். ஊகத்தைப் பென்சிலால் எழுதிவிட்டு அப்புறம் சரிபாருங்கள்.

சரிபார்க்க, கற்பவர்களுக்கென்றே எழுதிய ஆங்கில அகராதி நல்லது. லாங்மேன் அகராதி விளக்கங்களைச் சுமார் 2000 அடிப்படைச் சொற்களுக்குள்ளேயே எழுதுகிறது. ஒரு சொல்லுக்குப் பார்க்கப்போய் விளக்கத்தில் இன்னொரு சொல்லில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். கேம்பிரிட்ஜ் அகராதி இணையத்தில் இலவசம். பல சொற்களுக்குப் பக்கத்தில் பி1, பி2 என்று தரமும் போட்டிருக்கும். சி2 என்று இருந்தால் இப்போதைக்கு விட்டுவிடலாம். தமிழ்ப் பொருள் பார்ப்பது பாவம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வஞ்சிரம் மீனுக்கு ஆங்கிலத்தில் இரண்டு வரி விளக்கம் படித்து என்ன ஆகப்போகிறது? பொருள்களின் பெயருக்குத் தமிழ், வினைக்கும் குணத்துக்கும் ஆங்கில விளக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பாசேஜுக்கு ஐந்து சொல்லுக்கு மேல் நோட்டில் ஏற்ற வேண்டாம்; சொல்லை மட்டும் எழுதாமல் அது வந்த வாக்கியத்தோடு எழுதுங்கள்.

ஆறாம் படி: தப்பு நோட்டு

மார்க் போட்டுவிட்டு அடுத்த பாசேஜுக்குத் தாவுவதுதான் பெரும்பாலானோர் செய்வது. நாளைக்கு ஐந்து பாசேஜ் தாவித் தாவிப் போடுகிறவரைவிட ஒன்றைக் குடைகிறவர் முன்னேறுவார். ஒவ்வொரு தப்புக்கும் காரணம் எழுதுங்கள். சொல் தெரியவில்லையா, வாக்கியம் பிரியவில்லையா, வரியைப் பார்க்காமல் தாண்டிவிட்டோமா, வீராணம் கதை மாதிரி வெளியிலிருந்து கொண்டுவந்தோமா, அல்லது கேள்வியிலிருந்த "நாட்", "எக்செப்ட்" கண்ணில் படவில்லையா? பதினைந்து, இருபது தப்பு சேர்ந்ததும் எந்தக் காரணம் அதிகம் என்று பாருங்கள். வாக்கியம்தான் என்றால் மூன்றாம் படியில் நேரம் போடுங்கள். கேள்வியைச் சரியாகப் படிக்காததுதான் என்றால் இலக்கணப் புத்தகம் வாங்கிப் பயனில்லை.

வாரத்தில் நாலு நாள் அரைமணி நேரம் இப்படிக் குடைந்து படித்தால் போதும். மற்ற நாட்களில் சுலபமானதை இஷ்டத்துக்குப் படியுங்கள். தாம்பரத்திலிருந்து பீச் வரை மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அந்த நேரம் இதற்குச் சரியானது. பென்சில் வேலையை அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம். கூடப் படிக்க ஒருவர் இருந்தால், ஆளுக்கொரு செய்தி எடுத்து மூன்று கேள்வி தயாரித்து மாற்றிக்கொள்ளுங்கள். நம்பும்படியான தப்பு ஆப்ஷன் எழுதிப் பார்த்தவருக்கு, அடுத்தவர் எழுதியதில் உள்ள தந்திரம் சட்டென்று தெரியும்.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு

பயிற்சியில் பாசேஜை முதலில் படியுங்கள். தேர்வில் கேள்விகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாசேஜுக்குப் போகலாம். ஆனால் ஆப்ஷன்களைப் படிக்காதீர்கள், நாலில் மூன்று பொய் மனதில் ஏறிவிடும்.

எந்தத் தேர்வு என்பதைப் பொறுத்து ஊகிக்கும் தைரியம் மாற வேண்டும். மத்திய அரசுப் பணிக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் 60 நிமிடத்தில் 100 கேள்விகள், அதில் ஆங்கிலம் 25. ஒவ்வொரு தப்புக்கும் 0.50 மார்க் போகும். அங்கே வரி காட்ட முடியாத கேள்வியை விட்டுவிடுவது லாபம். வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஈஎல்டிஎஸ் அகடமிக் வாசிப்பில் மூன்று பாசேஜ், 40 கேள்விகள், 60 நிமிடம். தப்புக்கு மார்க் குறைப்பதில்லை. ஆகவே ஒரு கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. அதில் சரி, தவறு, சொல்லப்படவில்லை வகைக் கேள்விகளின் விடைகள் பாசேஜ் போகும் வரிசையிலேயே வரும். ஐந்தாவதுக்கு வரி கிடைத்துவிட்டால் ஆறாவதை அதற்கு மேலே தேட வேண்டாம். இரண்டு சொல்லுக்கு மேல் எழுதாதே என்றிருந்தால் மூன்றாவது சொல் சரியாக இருந்தாலும் மார்க் இல்லை. பேப்பரில் எழுதுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: லிசனிங்கில் தருவது போல விடைத்தாளுக்கு எடுத்தெழுத ரீடிங்கில் தனி நேரம் கிடையாது, அந்த 60 நிமிடத்துக்குள்ளேயே விடைத்தாளை நிரப்பிவிட வேண்டும்.